ஜானர்: வகைமையும் வகைமை மயக்கமும்

சென்னைப் பத்திரிகைகளின் திரை விமர்சனத்தில் 'ஜானர்' என்று அச்சாகும் சொல், இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவில் வாழும் எங்கள் காதில் பிரெஞ்சிலிருந்து நேரே வந்து விழுகிறது. பிரெஞ்சில் அது ஒரே அசை: 'ஜான்ர்'. மூல ஒலிக்கு நெருக்கம் என்று நினைத்துச் சிலர் 'ழான்ர்' என எழுதுகிறார்கள். அது பொருந்தாது. ழகரம் நாவை வளைத்து எழுப்பும் ஒலி. பிரெஞ்சு ஒலியோ ஷகரத்தைக் குரலோடு அதிரவிட்டால் வருவது.

இதன் வேர் லத்தீனின் 'கெனுஸ்'. பிறப்பு, குலம், வகை என்பன அதன் பொருள்கள். ஆங்கிலத்தின் 'ஜெண்டர்', உயிரியலில் பேரினத்தைக் குறிக்கும் 'ஜீனஸ்' ஆகியவையும் அதே வேரில் கிளைத்தவை. பிரெஞ்சில் இந்த ஒரு சொல்லே மூன்று வேலை செய்கிறது. மனித இனம் என்பதில் உள்ள இனமும் ஜான்ர்தான், இலக்கணத்தில் பாலும் ஜான்ர்தான், கலையில் வகையும் ஜான்ர்தான். தமிழ் இவற்றைத் தனித்தனியே வைத்திருக்கிறது. பள்ளியில் மேசையைப் பெண்பால் என்று படித்துவிட்டுத் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம், அது இங்கே அஃறிணை, ஒன்றன்பால் என்று விளக்கும்போது இந்தப் பிரிவின் தெளிவு நன்றாகவே புலப்படும்.

கலைக்கு எந்தச் சொல்? 'இனம்' என்பதற்குப் பழைய உரிமை உண்டு. யாப்பிலக்கணம் துறை, தாழிசை, விருத்தம் மூன்றையும் 'பாவினம்' என்றே அழைக்கிறது. ஆனாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மல்பார் (தமிழ் வழியினர்), சினுவா (சீன வழியினர்), ஸரப் (குஜராத்தி முஸ்லிம் வழியினர்) என்று மூதாதையரை வைத்தே மனிதரைப் பெயரிடும் தீவு இது. இங்கே இசையையும் இனம் பிரித்துச் சொல்ல மனம் ஒப்பவில்லை. இலக்கியத் திறனாய்வில் நிலைபெற்றுவிட்ட 'வகைமை' போதும், அதுவே சரி.

சிக்கல் இதற்கு அடுத்த சொல்லில்தான். பல வகைமைகளில் இயங்கும் கலைஞரை 'ஜானர் தாவுபவர்' என்று எழுதுகிறார்கள். ஒன்றை விட்டால்தானே இன்னொன்றுக்குத் தாவ முடியும்? ஜெரெமி லபெல் எதையும் விடுவதில்லை. தந்தை வழியில் இத்தீவைச் சேர்ந்த மின்னணு இசைஞர் அவர். 1980களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் உருவான டெக்னோ என்ற மின்னணு நடன இசையின் நேரான நாலடித் துடிப்பையும், எங்கள் தீவின் மலோயா இசையின் மும்மும்மையாக நகரும் தாள அசைவையும் ஒரே படைப்பில் நிறுத்துகிறார். மலோயா இங்கே கரும்புத் தோட்டத்து அடிமைகளிடம் பிறந்தது. ரூலேர் என்ற பெரிய முரசின் மேல் அமர்ந்து கையால் அறைவார்கள். கரும்புப் பூவின் தண்டுகளால் செய்து விதைகள் நிரப்பிய கயாம்பைக் குலுக்குவார்கள். நெடுங்காலம் அதிகாரத்தின் ஒதுக்குதலுக்கு ஆளான இந்த இசையை 2009இல் யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

லபெலின் 2017 ஆல்பத்தின் பெயர் 'யூனிவேர்-இல்'. 'பிரபஞ்சம்', 'தீவு' என்ற இரு சொற்களை இணைத்தால் பிரெஞ்சுக் காதில் 'உலகப் பொதுவான' என்ற பொருள் தரும் 'யூனிவெர்செல்' போலவும் ஒலிக்கும். 2019இல் தீவின் பிராந்திய ஆர்கெஸ்ட்ராவுடன் ஒரு முழு ஆல்பம். 2021இல் நான்கு நரம்புக் கருவிகளோடு இன்னொன்று. வயலின் ஏறினாலும் சிந்தசைசர் ஏறினாலும் அடியில் அந்த மும்மை அசைவு கிடக்கிறது. எனக்கு அவர் மேல் உள்ள மதிப்பெல்லாம் இந்தப் பிடிமானத்துக்காகத்தான்.

இதற்குரிய சொல்லைத் தொல்காப்பியம் எப்போதோ தந்துவிட்டது: மயக்கம். 'திணைமயக் குறுதலும் கடிநிலை இலவே, நிலன்ஒருங்கு மயங்குதல் இன்றென மொழிப' என்கிறது அகத்திணையியல். திணைகள் கலப்பதற்குத் தடையில்லை. ஆனால் நிலமும் நிலமும் ஒன்றாகக் கலப்பதில்லை. குறிஞ்சிக்குரிய கூடல் நெய்தலில் நிகழலாம், கடற்கரை மலையாகிவிடாது. லபெலிடம் கருவியும் ஒலியும் உணர்வும் மயங்குகின்றன. மலோயா என்ற நிலம் மயங்குவதில்லை. ஆகவே 'வகைமை மயக்கம்' என்பேன். இங்கே மயக்கம் என்பது கலப்பு, தலைசுற்றல் அன்று.

இத்தீவின் இன்னொரு மின்னணு இசைஞர் ஜாக்கோ மரோனுக்கும் இந்தச் சொல் பொருந்தும். அவர் முரசையும் கயாம்பையும் அகற்றிவிட்டு, அவற்றின் அசைவை மட்டும் மின்னணுக் கருவிகளிடம் ஒப்படைத்தவர். உகாண்டாவின் இசை வெளியீட்டு நிறுவனமான நியெகே நியெகே டேப்ஸ் 2018இல் வெளியிட்ட அவருடைய தொகுப்பைக் கேட்டால், தோல் இல்லாமலும் மலோயா அதிரும் என்பது விளங்கும்.

ஓர் ஆல்பம் ஜாஸ், அடுத்தது டெக்னோ என்று ஒன்றோடொன்று கலக்காமல் செய்பவரை 'பல்வகைமை இசைஞர்' என்பதே பொருத்தம். ஒரே பாடலுக்குள் இரண்டையும் நிறுத்துபவருக்கு மட்டும் 'வகைமை மயக்க இசைஞர்' என்று எழுதலாம்.