நீலக்கடலின் கைக்கும் வாய்க்குமான பிழைப்பு

நடுக்கடல் நீர் எவ்வளவுக்கு நீலமோ, அவ்வளவுக்கு அதில் சத்து குறைவு. வட அட்லாண்டிக்கில் பெர்முடா தீவை ஒட்டிய சர்காசோ கடல் அப்படிப்பட்டது. கோடையில் அதன் மேல்நீரில் நைட்ரஜன் தரும் நைட்ரேட்டும் பாஸ்பரஸ் தரும் பாஸ்பேட்டும் சாதாரணக் கருவிகளுக்குச் சிக்காத அளவுக்கு அருகிவிடும். சில நூறு மீட்டர் கீழே இரண்டும் தாராளம். ஆனால் வெயிலில் சூடான நீர் எடை குறைந்து மேலேயே நின்றுவிடுகிறது. அடியிலுள்ள குளிர்நீர் ஏறி வர வழியில்லை.

இந்த வறண்ட நீரில்தான் கடல் ஆய்வாளர்கள் பென்னி சிஷோம், ராபர்ட் ஓல்சன் குழுவினர் புரோகுளோரோகாக்கஸ் என்ற நுண்ணுயிரியைக் கண்டு, 1988இல் அறிவித்தார்கள். தலைமுடியின் குறுக்கே வரிசையாக வைத்தால் சுமார் நூறு நிற்கும், அவ்வளவு பொடிசு. ஒரு மில்லிலிட்டர் நீரில் ஒரு லட்சம்கூட இருக்கும். அத்தனைக்கும் சாப்பாடு எங்கிருந்து?

அவற்றின் சாவிலிருந்துதான். ஒற்றைச்செல் வேட்டை உயிரி ஒன்று புரோகுளோரோகாக்கஸை விழுங்குகிறது. செரித்தபின் தனக்கு மிஞ்சிய நைட்ரஜனை அமோனியமாக வெளியே விடுகிறது. பக்கத்தில் மிதக்கும் இன்னொரு செல் அதை உடனே உறிஞ்சிக்கொள்கிறது. வேறொரு செல்லுக்குள் வைரஸ் பெருகி அதை வெடிக்க வைக்கிறது. சிந்தியதை பாக்டீரியா தின்கிறது, பாக்டீரியாவை வேட்டை உயிரி தின்கிறது. ஒரே நைட்ரஜன் அணு இப்படித் திரும்பத் திரும்பக் கைமாறுகிறது. அமோனியத்தை அளந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் என்று வருவதைப் பார்த்து, ‘சத்தே இல்லை’ என்று சொல்வது சரியல்ல என்பேன். வந்த வேகத்திலேயே செலவாகிவிடுவதால், கையில் தங்குவதில்லை.

சிக்கனத்தில் என்னை மிகவும் வியக்க வைப்பது பாஸ்பரஸ் கணக்கு. செல்லின் மேலுறைக் கொழுப்புக்கு வழக்கமாகப் பாஸ்பரஸ் வேண்டும். புரோகுளோரோகாக்கஸ் பெருமளவு அதைத் தவிர்த்து, கடல்நீரில் கொட்டிக்கிடக்கும் கந்தகத்தைக் கொண்டே உறையைக் கட்டிக்கொள்கிறது.

இவ்வளவு சுற்றியும் கொஞ்சம் கசிகிறது. சிறு விலங்குகளின் எச்சமும் இறந்த துகள்களும் மூழ்கி இருட்டுக்குள் போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்ட டிரைகோடெஸ்மியம் போன்ற நுண்ணுயிரிகள் காற்றிலிருந்து கரைந்த நைட்ரஜனைப் பிடித்துச் சத்தாக மாற்றுகின்றன. அதற்கு வேண்டிய இரும்பு, சஹாரா பாலைவனத்துத் தூசியாகக் காற்றில் வந்து விழுகிறது.

பெரிய வரவு குளிர்காலத்தில். மேல்நீர் குளிர்ந்து கனத்து இறங்க, புயல்காற்றும் கலக்க, ஆழத்து நைட்ரேட் மேலே ஏறுகிறது. நுண்பாசிகள் சில வாரம் செழிக்கும். வெயில் ஏறியதும் மேல்நீர் மறுபடி தனித்து நிற்கும், நீலம் திரும்பும்.