சப்பாத்து செய்யப் பழகுவோருக்கு: குறுகியகாலப் பயிற்சியும் என்.வி.கியூ சான்றிதழும்

எங்கள் மட்டக்களப்புப் பக்கம் இரண்டு விதமான ஆட்களைக் காணலாம். ஒருவர் இருபது வருடமாகத் தெருவோரத்தில் இருந்து சப்பாத்துத் தைக்கிறார். அறுந்த வாரைப் பார்த்ததுமே எந்த நூல், எத்தனை தையல் என்று கை சொல்லிவிடும். ஆனால் கடன் கேட்டு வங்கிக்குப் போனால் காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லை. மற்றவர் ஒரு பத்து நாள் வகுப்புக்குப் போய், சட்டம் போட்ட சான்றிதழோடு வந்தவர். தனியே ஒரு சோடி செருப்புச் செய்யச் சொன்னால் தடுமாறுவார். முதலாமவருக்குக் கடதாசியும் இரண்டாமவருக்குக் கைவேலையும் கிடைக்க அரசாங்கத்தின் ஒரே ஏற்பாட்டில் வழி இருக்கிறது. அதன் பெயர் தேசிய தொழில் தகைமை. எல்லோரும் என்.வி.கியூ என்றுதான் சொல்கிறோம்.

இதில் 7 மட்டங்கள். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 பட்டம். சப்பாத்துத் தொழிலுக்கு வருபவர் கவனிக்க வேண்டியவை 3 உம் 4 உம். ஒருவருடைய மேற்பார்வையில் வேலை செய்யக்கூடியவர் 3 ஆம் மட்டம். வேலையைத் தானே பொறுப்பெடுத்து முடிக்கக்கூடியவர் 4 ஆம் மட்டம். சான்றிதழை வழங்கும் அதிகாரம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிடம் இருக்கிறது. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த ஆணைக்குழு அது.

பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். தொழிற்பயிற்சி நடத்தும் நிறுவனம் ஆணைக்குழுவில் பதிவு செய்திருக்க வேண்டும். அது நிறுவனத்துக்கான பதிவு மட்டுமே. அங்கே நடக்கும் ஒவ்வொரு பாடநெறிக்கும் தனியாக அங்கீகாரம் பெற வேண்டும். அந்த அங்கீகாரம் உள்ள பாடநெறியைப் படித்து மதிப்பீட்டில் தேறினால்தான் பயிற்சி வழியாக என்.வி.கியூ கிடைக்கும். “நாங்கள் பதிவு செய்த நிறுவனம்” என்று பலகையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பிக் காசு கட்டாதீர்கள். “இந்தப் பாடநெறிக்கு அங்கீகாரம் உண்டா, எத்தனையாம் மட்டம்?” என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், அது வருகைச் சான்றிதழ் மட்டும்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். நான் இதைக் கேட்காமல் ஒரு தையல் வகுப்பில் சேர்ந்து, மூன்று மாதம் போன பிறகு அறிந்துகொண்டேன். அந்தச் சான்றிதழை எந்த விண்ணப்பத்திலும் இணைக்க முடியவில்லை.

அப்படியென்றால் குறுகியகாலப் பயிற்சி வீணா? இல்லவே இல்லை. இந்தத் தொழிலைப் புத்தகத்தில் படித்துப் பழக முடியாது. கத்தியை எந்தச் சாய்வில் பிடித்தால் தோலின் விளிம்பு மெலியும், கால் வடிவிலான அச்சுக்கட்டையில் மேல்தோலை எவ்வளவு இழுத்தால் சுருக்கம் வராது என்பதெல்லாம் ஒருவர் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக் காட்ட வேண்டியவை. ஒரு நல்ல குறுகிய வகுப்பில் முதலில் செருப்பும் சாண்டலும் வரும், சப்பாத்து பிறகுதான். அச்சுக்கட்டையை ஒட்டுநாடாவால் சுற்றி, அதன்மேல் வடிவத்தை வரைந்து, வெட்டி எடுத்துத் தட்டையாக்கி மாதிரி எடுப்பதை முதல் வாரத்திலேயே பழகிவிடலாம். அளவுக் கணக்கும் அப்படித்தான். ஐரோப்பிய அளவில் ஒவ்வொரு இலக்கமும் ஒரு சென்ரிமீற்றரின் மூன்றில் இரண்டு பங்கு. 40 ஆம் இலக்க அச்சின் நீளம் ஏறத்தாழ 26.7 சென்ரிமீற்றர் என்று நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். காலை அளப்பது பின்னேரத்தில். நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும்.

பயிற்சியைத் தேட, முதலில் உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். ஏறாவூர் ஆனாலும் திருக்கோவில் ஆனாலும், தொழில் பயிற்சிக்கும் சிறு தொழில் முயற்சிக்கும் பொறுப்பான உத்தியோகத்தர்கள் அங்கே இருப்பார்கள். சிறு தொழில் செய்வோருக்குத் தொழில்நுட்பம் சொல்லிக் கொடுக்கும் விதாதா வள நிலையமும் பிரதேச செயலக மட்டத்தில்தான் இயங்குகிறது. தோற்பொருட்களுக்கு என்றே கேட்க வேண்டிய இடம் கைத்தொழில் அபிவிருத்தி சபை. 1969 ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்த அந்தச் சபைக்கு மாவட்ட அலுவலகங்கள் உண்டு. போதிய ஆட்கள் சேர்ந்தால் வகுப்புக் கேட்டு எழுதலாம். தனியாகப் போய்க் கேட்பதைவிட, ஊரில் பத்துப் பதினைந்து பேரின் பெயரும் கையொப்பமும் உள்ள கடிதத்துக்கு மதிப்பு அதிகம். எந்த அலுவலகம் என்று குழப்பமாக இருந்தால் 1919 க்கு அழையுங்கள். அரசாங்கத் தகவல் நிலையத்தில் தமிழிலும் பதில் சொல்வார்கள்.

ஏற்கனவே தொழில் தெரிந்தவருக்கு வகுப்பே தேவையில்லை. முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழி அவருக்காகவே இருக்கிறது. நைட்டா என்று நாங்கள் சொல்லும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் விசாரிக்கலாம். எங்கே கற்றீர்கள் என்பதை அவர்கள் பெரிதாக எடுப்பதில்லை. அப்பாவிடம் பழகியிருந்தாலும் சரி, கொழும்பில் ஒரு கடையில் நின்று பழகியிருந்தாலும் சரி. இன்றைக்கு உங்களால் என்ன செய்ய முடியும் என்பதுதான் கேள்வி. தொழிலுக்குரிய தேர்ச்சி நியமத்தில் எழுதியுள்ள வேலைகளை மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்ட வேண்டும். இதில் புள்ளிக் கணக்கு இல்லை. முடிவு “தேர்ச்சியுள்ளவர்” அல்லது “இன்னும் தேர்ச்சி பெறவில்லை” என்று வரும். இரண்டாவது வந்தால் மனம் உடைய வேண்டாம். குறைந்த பகுதியைப் பழகிவிட்டுத் திரும்பப் போகலாம்.

இந்தக் கடதாசிக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. செருப்புத் தைக்கிறவர் என்றால் இன்றைக்கும் எங்கள் ஆட்களில் சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். ஆனால் கடைச் சப்பாத்து எல்லாருடைய காலுக்கும் பொருந்தாது. நீரிழிவால் உணர்ச்சி மரத்த காலுக்கு மெத்தென்ற உள்தளம் வேண்டும், உள்ளே உராயும் தையல் இருக்கக் கூடாது. தொழுநோயால் விரல் மடங்கிய காலுக்கும் அப்படித்தான். வாவிக்குள் மாந்தீவுத் தொழுநோய் வைத்தியசாலையைக் கண்டு வளர்ந்த எங்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. காலைப் பார்த்து அளந்து செய்யத் தெரிந்தவர் கைவினைஞர். தகைமை உள்ள அவரிடம் ஒரு வைத்தியர் நம்பி நோயாளியை அனுப்ப முடியும்.

தொழில் தொடங்குபவர் வியாபாரப் பெயரைப் பதிவது பிரதேச செயலகம் ஊடாக. தோலை வெட்டித் தைப்பது வேறு, பச்சைத் தோலைப் பதனிடுவது வேறு. பதனிட இறங்கினால் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் கட்டாயம். ஹஜ்ஜுப் பெருநாள் காலத்தில் தோல் நிறையக் கிடைக்கிறதே என்று வீட்டு முற்றத்தில் தொடங்கிவிட வேண்டாம்.

பசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதிலுள்ள கரைப்பானின் ஆவி நாட்பட்டால் கை கால் நரம்புகளைப் பாதிக்கும். கதவு யன்னல் திறந்திருக்கும் இடத்தில் பூசுங்கள், சிறு பிள்ளைகளைக் கிட்டவிடாதீர்கள். யன்னல் இல்லாத அறையில் வகுப்பு வைத்தால் அதைத் திறந்த இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

அப்புறம், முதல் நாளிலிருந்தே ஒரு கொப்பி வையுங்கள். செய்த ஒவ்வொரு சோடியின் படம், திகதி, எடுத்த அளவு, வாங்கியவர் சொன்ன குறை எல்லாம் அதில் இருக்கட்டும். முன்கற்றல் அங்கீகாரத்துக்குப் போகும் நாளில் அடையாள அட்டையோடு அந்தக் கொப்பியையும், நீங்கள் செய்த ஒரு சோடியையும் கொண்டு போங்கள்.