வீட்டின் வயிற்றைப் பார்த்து வாங்குங்கள்

அமெரிக்காவில் ஃபுளோரிடா, டெக்சாஸ், வட கரோலினா பக்கம் சாலை வழியே போனால், நீளமாக, தாழ்ந்த கூரையோடு வரிசை கட்டி நிற்கும் வீடுகள் கண்ணில் படும். தொழிற்சாலைக்குள் கட்டி முடித்து, அடியில் அச்சும் சக்கரமும் பூட்டி, லாரி இழுத்து வந்து இறக்கிய வீடுகள் அவை. சட்டத்தில் 'மேனுஃபேக்சர்ட் ஹோம்', ஊர் வாயில் இன்னமும் 'மொபைல் ஹோம்'. பெயர்தான் மொபைல், இறக்கிய இடத்தை விட்டு மறுபடி நகர்பவை குறைவு.

வாங்கப் போகிறவர் முதலில் சமையலறையைப் பார்ப்பார். விற்பவரும் அதைத்தான் காட்டுவார். என்னைக் கேட்டால், ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு முதலில் வீட்டுக்கு அடியில் நுழையச் சொல்வேன். சுற்றிலும் ஒரு தடுப்பு இருக்கும். அதற்கு 'ஸ்கர்ட்டிங்' என்று பெயர். பாவாடை கட்டிய வீடு! அதன் சிறு கதவைத் திறந்தால் உள்ளே தவழலாம்.

அங்கே நாம் அஸ்திவாரம் என்று சொல்லும் சுவர் பெரும்பாலும் இருக்காது. வீட்டின் நீளவாக்கில் இரும்பு உத்திரங்கள் ஓடும். அவற்றைச் சில அடிக்கு ஒன்றாக அடுக்கிய ஹாலோ பிளாக் தூண்கள் தாங்கும். இரண்டு பாதிகளாக வந்து நடுவில் சேர்த்த வீடு என்றால், அந்த இணைப்புக்கு 'மேரேஜ் லைன்' என்று பெயர். கல்யாணக் கோடு. அதற்கும் தனித் தூண்கள் வேண்டும்.

களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். குளிர்ப் பிரதேசத்தில் மண்ணுக்குள் நீர் உறைந்து தூணையே மேலே தள்ளும். எல்லாத் தூணும் ஒரே அளவு இறங்கினால் யாருக்கும் தெரியாது. ஒன்று மட்டும் அரை அங்குலம் இறங்கினால்தான் வம்பு. உத்திரம் அங்கே வளையும். அதன்மேல் நிற்கும் சுவரும் நிலையும் கோணிப்போகும். கதவு மூட மறுக்கும். உடனே தச்சரைக் கூப்பிட்டுக் கதவை இழைப்பவர்கள் உண்டு. நோய் கதவில் இல்லையே.

இதைக் கண்டுபிடிக்கும் கருவி நம்மூர்க் கொத்தனார் கையில் இருக்கும் அதே டியூப் லெவல்தான். குழாயின் இரு முனையிலும் ஒரே காற்றழுத்தம் என்பதால், நடுவில் குழாய் எப்படி வளைந்து கிடந்தாலும் இரு பக்கத் தண்ணீரும் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒவ்வொரு தூணிலும் வைத்துப் பார்த்தால் இறங்கிய தூண் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். பிறகு உத்திரத்துக்கு அடியில் ஜாக்கி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே கட்டை ஆப்புகளை இரண்டு பக்கமிருந்தும் ஜோடியாக அடிக்கிறார்கள். ஒரே மூச்சில் தூக்கினால் சுவர் விரிசல் விடும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது.

தூண்களைப் பார்த்தாயிற்று, இனி அண்ணாந்து பாருங்கள். தரைக்கட்டைகளுக்கு அடியில் இழுத்துக் கட்டிய கறுப்பு பிளாஸ்டிக் விரிப்புதான் வீட்டின் வயிறு. தண்ணீர்க் குழாய், கண்ணாடிப் பஞ்சு, ஏசி காற்று போகும் டக்ட் எல்லாம் அதற்குள். எலி கடித்த ஓட்டை, பிளம்பர் கிழித்துவிட்டு மூடாமல் போன இடம், தண்ணீர் தேங்கித் தொங்கும் பை என எல்லாவற்றையும் அங்கே படிக்கலாம். பழைய வீடுகளில் தரைப்பலகை பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்தது. நனைந்தால் உப்பும், காய்ந்தாலும் பழைய பலம் திரும்பாது. கழிப்பறை ஓரம் தரை அமுங்கினால் அந்தத் துண்டை அறுத்து எடுத்துவிட்டு பிளைவுட் போடுவதே வழி. 1978 முதல் 1995 வரை கட்டிய வீட்டில் சாம்பல் நிறக் குழாய் தெரிந்தால் அது பாலிபியூட்டிலீனாக இருக்கலாம். குடிநீரில் உள்ள குளோரின் அதை உள்ளிருந்தே அரிக்கும். மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.

இதைவிட விசித்திரமான ஒரு நோய் ஃபுளோரிடா போன்ற புழுக்கமான ஊர்களில் வருகிறது. கூரை ஒழுகவில்லை, குழாய் கசியவில்லை, ஆனால் சுவர் ஊறிய பிஸ்கட் மாதிரி மெத்தென்று அமுங்குகிறது. ஃபுளோரிடா சோலார் எனர்ஜி சென்டர் ஆய்வாளர்கள் இத்தகைய வீடுகளை ஆராய்ந்தபோது, ஒரு முக்கியக் காரணம் டக்டின் கசிவு என்று தெரிந்தது. ஏசி விசிறி வீட்டுக்குள்ளிருந்து காற்றை இழுத்து, குளிர்வித்து, வயிற்றிலுள்ள டக்ட் வழியே திருப்பி அனுப்புகிறது. டக்ட் ஓட்டையானால் அதில் ஒரு பங்கு வெளியே போய்விடும். போவது அதிகம், வருவது குறைவு. வீட்டுக்குள் அழுத்தம் துளி குறைகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட, சுவர் இடுக்குகள் வழியே வெளியிலிருக்கும் ஈரக்காற்று உள்ளே உறிஞ்சப்படுகிறது. கோடையில் அந்தக் காற்று சுமார் 24 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள ஈரம் நீராகிவிடும். உள்ளே ஏசி 21இல் ஓடினால், ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வேர்ப்பதுபோலச் சுவர்ப்பலகையின் முதுகு வேர்க்கிறது. அறைப் பக்கம் ஒட்டிய வினைல் தாள் அந்த ஈரத்தை உலரவும் விடாது.

மருந்து சுவரில் இல்லை. டக்டின் மூட்டுகளை மாஸ்டிக் பசையால் பூசி அடைப்பதில் இருக்கிறது. டக்ட் டேப் என்று பெயர் வைத்திருந்தாலும் துணி டேப் டக்டில் நிலைக்காது. 1998இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் சோதித்தபோது, அது சீக்கிரமே தோற்றது.

மிச்சம் காற்று. இலேசான வீட்டைப் புயல் பக்கவாட்டில் தள்ளும், கூரைக்கு மேல் உறிஞ்சித் தூக்கவும் பார்க்கும். அதனால்தான் இரும்புப் பட்டைகளால் உத்திரத்தை மண்ணில் திருகி இறக்கிய நங்கூரங்களோடு கட்டுகிறார்கள். பட்டை தொளதொளவென்று இருந்தால் கட்டியும் பயனில்லை. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃபுளோரிடாவில் இந்த வீடுகளைச் சிதறடித்த பிறகு, 1994இல் கரையோரங்களுக்கான காற்று விதிகள் கடுமையாயின.

எனவே வீட்டின் வயது முக்கியம். 1976 ஜூன் 15க்குப் பின் தயாரான ஒவ்வொரு பகுதியின் வெளிச்சுவரிலும் சிவப்பு உலோகத் தகடு ஒன்று இருக்கும். கூட்டாட்சி விதிப்படி கட்டப்பட்டதற்கு அதுவே அத்தாட்சி. உள்ளே சமையலறை அலமாரியிலோ மின்பெட்டி அருகிலோ ஒட்டிய தாளில், எந்தக் காற்று மண்டலத்துக்காகக் கட்டியது என்று எழுதியிருக்கும். காற்று வேகம் குறைந்த முதல் மண்டலத்துக்கான வீட்டை மலிவாகக் கிடைக்கிறதே என்று கடற்கரைக்கு இழுத்துப் போகக் கூடாது. சிவப்புத் தகடு கழன்று போயிருந்தால் புதிது தரமாட்டார்கள். சரிபார்ப்புக் கடிதம்தான் கிடைக்கும். அதை வாங்கித் தரும் வேலையை, பணம் கைமாறும் முன்பே விற்பவரிடம் விட்டுவிடுங்கள்.