மைக்: ஒலிவாங்கியும் ஒரு பழைய ரிசீவரும்

ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் கொடியேற்றமோ கல்யாணமோ என்றால் முதல் கேள்வி "மைக் கட்டியாச்சா?" என்பதுதான். மரத்தில் கட்டியிருப்பதோ கூம்புக் குழாய். பாடுகிறவர் கையில் இருப்பது, மேசைக்கடியில் சூடேறிக் கிடக்கும் ஆம்ப்ளிஃபயர், மரத்துக் குழாய் எல்லாம் சேர்ந்து ஊர்வாயில் ஒரே மைக். பேச்சில் இதனால் கெடுதல் இல்லை. எழுதும்போதுதான் இடிக்கிறது. "ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துப் பாடினார்" என்று எழுதிவிடுகிறோம். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் அவர் மரம் ஏறியிருக்க வேண்டும். கையில் இருந்தது ஒலிவாங்கி.

மைக்ரோபோன் கிரேக்க வேர்களால் கட்டிய சொல். மிக்ரோஸ் என்றால் சிறிய, போனே என்றால் குரல் அல்லது ஒலி. 1827இல் ஆங்கிலேய அறிவியலாளர் சார்லஸ் வீட்ஸ்டன் இந்தப் பெயரை வைத்தது மின்சாரமே இல்லாத ஒரு கருவிக்கு: அதிரும் பொருளின் மெல்லிய ஒலியைக் கம்பி வழியாகக் காதுக்குக் கொண்டுவரும் கருவி அது. 1878இல் கண்டுபிடிப்பாளர் டேவிட் எட்வர்ட் ஹியூஸ், கரித்துண்டுகள் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும் தன் மின்கருவிக்கு அதே பெயரை வைத்தார். மைக்ரோஸ்கோப் கண்ணுக்குச் செய்வதை இது காதுக்குச் செய்கிறது என்பது அவர் கணக்கு. ஒரு ஈ நடப்பதுகூட அதில் கேட்டது. அன்றைக்கு அந்தப் பெயர் பொருந்தியது. இன்றைக்கு அரசியல் கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்துகிறவர் முன்னால் நிற்பதற்கும் 'சிற்றொலி' என்றே பெயர்!

தமிழில் மைக்ரோஸ்கோப் நுண்ணோக்கி ஆனது. அதே வழியில் இதையும் நுண் போட்டு ஒரு சொல்லாக்கியிருந்தால் அந்தப் பழைய பொருத்தமின்மையும் கூடவே வந்திருக்கும். நல்லவேளை, பெயரை விட்டுவிட்டு வேலையைப் பார்த்துச் சொல் அமைத்தார்கள். சுமைதாங்கி, இடிதாங்கி, மண்வெட்டி போல, ஒலியை வாங்குவது ஒலிவாங்கி. இலங்கைத் தமிழர் பேச்சில் இந்தச் சொல் இயல்பாக வரும். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த இந்தக் கரைக்காரர்களுக்கு அது அந்நியமாகப் படாது. கரையை விட்டு உள்ளே இருப்பவர்தான் "பாடப்புத்தகச் சொல்" என்று முகம் சுளிப்பார்.

இந்தச் சொல் எவ்வளவு சரி என்பது எனக்கு ஒரு தொலைபேசியைப் பிரித்தபோதுதான் உறைத்தது. ராமநாதபுரத்தில் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டிருந்த, விரல்விட்டுச் சுழற்றும் கறுப்புப் போன். ரிசீவரின் இரண்டு முனை மூடிகளும் கையால் திருகினாலே கழன்றுவிடும். வாய்ப்பக்கம் இருப்பது கரித்துகள் நிரப்பிய சிறு வில்லை. காதோரம் குலுக்கினால் உள்ளே மணல் நகர்வது போலக் கேட்கும். பேசும்போது முன்னால் உள்ள தகடு துகள்களை நெருக்கும், தளர்த்தும். அதற்கேற்ப மின்தடை மாறும், ஓடும் மின்னோட்டமும் மாறும். ஓடுவதற்கு மின்சாரம் வேண்டுமே, அதனால் இதற்குப் பேட்டரி கட்டாயம். ஈரத்தில் துகள்கள் கட்டிபட்டு ஒட்டிக்கொள்ளும். சரியாகக் கேட்காத போனை அந்தக் காலத்தில் பெரியவர்கள் உள்ளங்கையில் தட்டித் தட்டிப் பேசினார்களே, அது வெறும் பழக்கமல்ல. தட்டினால் துகள் பிரியும்.

காதுப்பக்கம் எளிமையானது. ஒரு காந்தம், மயிர்போன்ற செம்புக்கம்பிச் சுருள், மேலே மெல்லிய இரும்புத் தகடு. அவ்வளவுதான். ஒலிவாங்கி செய்ய நான் எடுத்தது இதைத்தான். செம்பு இணைப்பில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது, உப்புக்காற்று ஊரில் எது தப்பும்? பிளேடால் சுரண்டி, ஷீல்டு ஒயரின் ஒரு முனையில் உள்கம்பி, அதைச் சுற்றிய வலைக்கம்பி இரண்டையும் பற்றவைத்து, மறுமுனையில் கால் இஞ்ச் ஜாக் போட்டு, ஆம்ப்ளிஃபயரின் மைக் துளையில் செருகினேன். பேட்டரி இல்லை. ஒலி கொஞ்சம் சன்னம்தான், ஆம்ப்ளிஃபயரின் ஒலியளவைக் கூட்டி வைக்க வேண்டியிருந்தது. காலி பவுடர் டப்பாவுக்குள் பழைய பனியன் துணியைச் சுற்றி உட்கார வைத்தேன். இப்படிச் செய்கிறவர்கள் கழற்றிய ரிசீவரில்தான் கைவைக்க வேண்டும், லைனில் இருக்கும் போனில் வேண்டாம். மணி அடிக்கும் நேரம் அதில் வரும் மின்னழுத்தம் கையை உதறவைக்கும்.

பக்கத்து வீட்டுப் பையன் பார்த்துக்கொண்டே இருந்தான். "மாமா, அது காதுல வைக்கிறதுல்ல? அதுல போய்ப் பேசுறீங்க?"

கேள்வி நியாயமானது. இத்தனை வருடம் சுருளில் மின்சாரம் ஓடி, தகடு அதிர்ந்து, ஒலி வெளியே போனது. இப்போது என் குரல் தகட்டை அதிரவைக்கிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. கொடுத்த அதே கருவி வாங்குகிறது. ஒலிவாங்கி என்ற சொல் பொருளுக்கு வைத்த பெயரல்ல, அது அப்போது செய்யும் வேலைக்கு வைத்த பெயர்.

வாங்கு என்ற வினையையும் காசு கொடுத்து வாங்குவதோடு நிறுத்த வேண்டாம். பெறுதலோடு வளைதல், இழுத்தல் என்ற பொருள்களும் அதற்குப் பழசிலிருந்தே உண்டு. வாங்குவில் என்றால் வளைந்த வில். கடலில் விட்ட வலையை இழுத்து ஏற்றுவதும் வலை வாங்குவதுதான். ஒலி படும்போது தகடு வளைகிறது, காற்றிலிருந்து ஒலியைக் கம்பிக்குள் இழுக்கிறது. சொல் அமைத்தவர் இதையெல்லாம் நினைத்திருக்க மாட்டார் என்றாலும் எனக்கு இந்தப் பொருத்தம் பிடித்திருக்கிறது.

இந்த மாதிரிக் கருவியில் வரும் குரலை ஆங்கிலத்தில் லோ-ஃபை என்பார்கள். மூலத்துக்கு உண்மையாக இருப்பது குறைவு என்று பொருள். பழைய தொலைபேசி வழியில் ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) வரையுள்ள ஒலிதான் போகும். நல்ல காதுக்கு 20 முதல் 20,000 வரை கேட்கும். ரிசீவர் உறுப்புகள் அந்தக் குறுகிய வழிக்காகவே செய்யப்பட்டவை. அடிக்குரலின் கனம் போய்விடும், 'ச'வும் 'ஸ'வும் மழுங்கும். 'தாழ்நம்பக ஒலி' என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன், வங்கிக் கடிதம் போல இருக்கிறது. ஊரில் இதற்குச் சொல் ஏற்கெனவே உண்டு: "குழாய்ல பேசுற மாதிரி இருக்கு." குழாய்க்குரல் என்றே எழுதலாம். பாட்டில் ஒரு வரியை மட்டும் வேண்டுமென்றே இப்படிப் பாடிப் பதிகிறவர்களுக்கு வேண்டியதும் அதுதானே.

அப்புறம், டப்பாவைப் பாம்பன் கரைக்கு எடுத்துப்போய்ப் பதிந்து பார்த்தேன். கச்சான் காற்று அடிக்கிற நேரம். வீட்டுக்கு வந்து போட்டால் என் குரலே இல்லை, ஒரே புஸ்ஸென்ற இரைச்சல். கடற்கரைக்குக் காற்று வாங்கத்தான் எல்லாரும் போகிறார்கள், ஒலிவாங்கியும் அதையே செய்திருக்கிறது. மறுநாள் டப்பாவின் வாயில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை வெட்டி அடைத்தேன்.