டெஸ்க்டாப்புக்கு மட்டும் ஏன் வைஃபை எட்டுவதில்லை?

ஒரே அறை, ஒரே வைஃபை. கையிலுள்ள போனில் வீடியோ தங்குதடையின்றி ஓடுகிறது. பக்கத்து மேசையிலுள்ள டெஸ்க்டாப்பில் மட்டும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நெட் கனெக்‌ஷன் கொடுத்தவரைத் திட்டுவதற்கு முன் ஒருமுறை மேசைக்கு அடியில் குனிந்து பாருங்கள்.

டெஸ்க்டாப்பின் ஆன்டெனா பெட்டியின் முதுகில் இருக்கிறது. ஒரு பக்கம் தகரம், மறுபக்கம் சுவர், சுற்றிலும் வயர்க் குவியல். ரேடியோ அலை தகரத்தைத் துளைக்காது, பட்டுத் திரும்பிவிடும். சில பெட்டிகளின் பின்னால் பொன்னிறத்தில் இரண்டு திருகுமுனைகள் மட்டும் மொட்டையாக நிற்கும். அவற்றில் மாட்ட வேண்டிய ஆன்டெனா, கணினி வந்த அட்டைப்பெட்டியிலேயே தூங்கிக்கொண்டிருக்கும். அது இல்லாமலும் வைஃபை ஓரளவு கிடைத்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

ஆன்டெனாவுக்கு வந்துசேரும் ஆற்றல் எவ்வளவு அற்பம் என்று தெரிந்தால் இந்தத் தகரம் ஏன் முக்கியம் என்பது புரியும். சிக்னலின் ஆற்றலை டிபிஎம் என்ற அலகில் அளப்பார்கள். -50 டிபிஎம் என்றால் நல்ல சிக்னல். அதுவே ஒரு மில்லிவாட்டில் லட்சத்தில் ஒரு பங்குதான். -70 என்றால் கோடியில் ஒரு பங்கு. திணறல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

குச்சி ஆன்டெனாவின் நுனியை ரவுட்டரை நோக்கி நீட்டி வைப்பவர்கள் உண்டு. அது தப்பு. மெதுவடையின் ஓட்டையில் ஒரு குச்சியைச் செருகியதாக நினைத்துக்கொள்ளுங்கள். குச்சி ஆன்டெனா, வடை அதன் வீச்சு. நுனி காட்டும் திசையில் வீச்சே இல்லை. ரவுட்டர் அதே தளத்தில் இருந்தால் குச்சி நிமிர்ந்து நிற்கட்டும். மாடியில் இருந்தால் படுக்க வையுங்கள்.

யூஎஸ்பி வைஃபை குச்சி செருகியிருப்பவர்களுக்கு வேறொரு வில்லன். நீல நிற யூஎஸ்பி 3.0 துளையில் தகவல் நொடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் பாயும்போது கசியும் மின்னிரைச்சல், வைஃபையின் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து வெளியிட்டது. கெட்டிமேளம் முழங்கும்போது காதில் குசுகுசுப்பது போலத்தான். பேசுபவர் குரல் குறையவில்லை, கேட்பவர் நிற்கும் இடம் அப்படி. ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி, குச்சியை மேசைக்கு மேல் கொண்டுவந்தால் தகரம், இரைச்சல் இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் விடுதலை.

மேலே கொண்டுவந்த பிறகும் சற்று நகர்த்திப் பாருங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். ரவுட்டரிலிருந்து நேராக வரும் அலையும் இரும்பு பீரோவில் பட்டுத் திரும்பும் அலையும், முகடும் பள்ளமுமாகச் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நான்கு விரற்கடை தள்ளி வைத்தாலே அந்தக் குழியிலிருந்து வெளியே வந்துவிடலாம். கேலிக்கூத்தாகத் தோன்றும், ஆனால் பலிக்கும்.

வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் அண்டை வீட்டு ரவுட்டர்களின் நெரிசல் குறையும், ஆனால் சுவர் அதை அதிகமாக விழுங்கும். நடுவில் ஒரு சுவர்தான் என்றால் மாறலாம். 2.4இலேயே இருப்பதானால் அதன் உட்பிரிவுகளான சேனல்களில் 1, 6, 11 ஆகியவற்றுள் கூட்டம் குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இந்த மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை. சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வாங்குவதை நான் கடைசியில்தான் சொல்வேன். ஒரே சேனலில் கேட்டு, அதையே திருப்பிச் சொல்லும் மலிவு ரகங்களில் வேகம் பாதியாகிவிடும்.

உண்மையில் டெஸ்க்டாப் என்ன, வீட்டுக்குள் நடந்தா திரிகிறது? கேட்5இ என்ற ரக நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை நொடிக்கு 1 ஜிகாபிட் தாங்கும். சுவரோரமாக அதை இழுத்துவிட்டால் பீரோ எங்கே நின்றாலும் கவலையில்லை.