பேர் மட்டும் ஏன் வரமாட்டேங்குது?

1966-ம் வருடம் தலைமன்னாரில் கடலில் இறங்கி, பாக் நீரிணையை நீந்தித் தனுஷ்கோடியில் கரையேறிய இந்தியர் யார்?

இந்தக் கேள்வியைப் பாம்பனிலோ மண்டபத்திலோ நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் போட்டுப் பாருங்கள். தடைக்காலம் இதற்கு ரொம்பத் தோதான நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஐபிஎல் நடப்பதும் ஏறக்குறைய அதே நாட்களில்தான். கிழிந்த வலையைக் கை சரிசெய்துகொண்டிருக்க, பேச்சு கிரிக்கெட்டுக்கும் சினிமாவுக்கும் போய்ப் போய் வரும். நடுவில் யாராவது ஒரு கேள்வியைத் தூக்கிப் போடுவார்.

நீச்சல் கேள்விக்கு ஒருவர் "தெரியாதுப்பா" என்பார். ஒருவர் பட்டென்று "மிஹிர் சென்" என்று சொல்லிவிடுவார். இந்த இரண்டு பேரிடமும் விளக்க ஒன்றுமில்லை. மூன்றாவதாக ஒருவர் இப்படிப் பேசுவார்: "அட, அந்தப் பெங்காலிக்காரர் தம்பி. வக்கீலுக்குப் படிச்சவரு. இங்கிலீஷ் கால்வாயக்கூட நீந்தினாரே. சின்னப் பேருதான்... குமார் ஆனந்தன்... இல்ல இல்ல, அவரு வல்வெட்டித்துறைக்காரரு. இவரு வேற ஆளு."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. மிஹிர் சென் பாரிஸ்டர். 1958-ல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் இந்தியர். புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோய் ஒன்றரை வருடம்கூட ஆகாத நேரத்தில் இங்கே நீந்தி வந்தார். குமார் ஆனந்தன் வல்வெட்டித்துறையில் பிறந்தவர். 1971-ல் இதே கடலில் இந்தியாவுக்கு வந்து திரும்பவும் நீந்தியே இலங்கைக்குப் போனவர், மொத்தம் 51 மணி நேரம். இவ்வளவும் தெரிந்தவருக்குப் பேர் மட்டும் வரவில்லை.

இது மறதி இல்லை. மூளையில் ஒரு பெயர் ஒரே இடத்தில் மொத்தமாக உட்கார்ந்திருப்பதில்லை என்பதுதான் விஷயம். ஆளைப் பற்றிய விவரங்கள் ஒரு அடுக்கு. பேரின் ஓசை, அதாவது எந்த எழுத்தில் தொடங்குகிறது, எத்தனை அசை என்பதெல்லாம் வேறொரு அடுக்கு. பேச வேண்டுமென்றால் முதல் அடுக்கில் கிளம்பும் தூண்டுதல் இரண்டாம் அடுக்குவரை போய்ச் சேர வேண்டும். நடுவில் இருக்கும் இணைப்பு பலவீனமாக இருந்தால் விவரம் முழுக்க எழுந்து நிற்கும், ஓசை எழும்பாது. டெபோரா பர்க், டொனால்டு மெக்கே ஆகியோர் 1991-ல் வெளியிட்ட ஆய்வு சொல்வது இதைத்தான். அதிகம் புழங்காத பேர், ரொம்ப நாளாக வாயில் வராத பேர், வயது கூடுவது – இந்த மூன்றும் அந்த இணைப்பை மெலிய வைக்கும். அறுபது எழுபது வயதில் பேர்கள் அடிக்கடி தொண்டையில் நின்றுவிடுவது இயல்பான ஒன்று. அதை மட்டும் வைத்துப் பயந்துவிட வேண்டியதில்லை.

மற்ற சொற்களைவிடப் பேர்தான் அதிகம் மாட்டுகிறது. "வக்கீல்" என்றதும் கோர்ட், கறுப்பு அங்கி, வழக்கு, வாய்தா என்று எல்லாம் சேர்ந்து வரும். "சென்" என்றதும் என்ன வரும்? வலையில் ஒரு கண்ணை நாலு முடிச்சு பிடித்திருக்கும், ஒன்று விட்டாலும் மீதி தாங்கிக்கொள்ளும். பேர் ஒரே முடிச்சில் தொங்குவது. 1987-ல் இங்கிலாந்தில் இதை அழகாகச் சோதித்தார்கள். ஒரே முகத்தைக் காட்டி, சிலரிடம் "இவர் ரொட்டி சுடுகிறவர்" என்றார்கள். வேறு சிலரிடம் "இவர் பேர் பேக்கர்" என்றார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆனாலும் தொழிலாகக் கேட்டவர்களுக்கு நினைவில் நின்ற அளவு, பேராகக் கேட்டவர்களுக்கு நிற்கவில்லை.

பேர் நாக்கு நுனியில் நிற்கும் நிலையை முதன்முதலில் ஆய்வுக்கூடத்தில் வரவழைத்துப் பார்த்தவர்கள் ஹார்வர்டின் ரோஜர் பிரவுன், டேவிட் மெக்நீல் இருவரும். அதுவும் மிஹிர் சென் நீந்திய அதே 1966-ல்தான் வெளியானது. அவர்கள் அரிதான சொற்களின் விளக்கத்தை மட்டும் வாசித்து, சொல்லைக் கேட்டார்கள். ஒரு சொல் 'சாம்பான்' – கிழக்கு ஆசியாவின் சின்னப் படகு. சொல் வராமல் தவித்தவர்களிடம், மனதில் என்னென்ன ஓடுகிறதோ எல்லாவற்றையும் எழுதச் சொன்னார்கள். சிலர் 'பார்ஜ்', 'படகு வீடு' என்று பொருள் பக்கமாக எழுதினார்கள். சிலர் 'சைபான்', 'சயாம்', 'சரோங்' என்று எழுதினார்கள். ஒன்று தீவு, ஒன்று நாடு, ஒன்று கைலி. படகுக்கும் இவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஓசையைத் தவிர. தவித்தவர்கள் முதல் எழுத்தைப் பாதிக்கு மேற்பட்ட தடவை சரியாகவே சொன்னார்கள். எத்தனை அசை என்பதையும் ஓரளவு சொன்னார்கள். ஆக, சொல் தொலையவில்லை. பாதி வழியில் நிற்கிறது. "சின்னப் பேருதான்" என்று நம் ஆள் சொன்னாரே, அதுவும் அந்தப் பாதிதான்.

அப்புறம் அந்தக் குமார் ஆனந்தன் விவகாரம். தப்பு என்று தெரிந்தும் அந்தப் பேரே திரும்பத் திரும்ப வந்து முன்னால் நிற்கும். அதே கடல், அதே நீச்சல், கிட்டத்தட்ட அதே காலம். விவரங்கள் ஒத்துப்போவதால் மிஹிர் சென்னைத் தொட்டதும் குமார் ஆனந்தனும் எழுந்துவிடுகிறார். ஒவ்வொரு தடவை அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லும்போதும் அது இன்னும் சுலபமாக வரப் பழகிவிடுகிறது. 2001-ல் அனத் மரில் குழுவினர் இந்த நிலையில் இருப்பவர்களின் மூளையைப் படம் பிடித்தார்கள். இரண்டு விஷயங்கள் மோதும்போது அதைக் கண்காணிக்கும் முன்புறப் பகுதிகள் அப்போது அதிகம் இயங்கின. "வந்துரும், வந்துரும்" என்று நெற்றியைத் தேய்ப்பவர் நிஜமாகவே உழைக்கிறார்.

ஆனால் அந்த உழைப்பை நீட்டுவது நல்லதல்ல. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2008-ல் செய்த சோதனை இதைக் காட்டுகிறது. சொல் வராமல் திணறியவர்களில் சிலரை 10 விநாடி விட்டார்கள், சிலரை 30 விநாடி விட்டார்கள், பிறகு விடையைச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது, அதிக நேரம் திணறியவர்களே அதே சொல்லில் மறுபடியும் மாட்டினார்கள். திணறும் வழியையே மூளை பாடமாக்கிக்கொள்கிறது.

கைகொடுப்பது ஓசைக் குறிப்பு. "பெங்காலி, நீச்சல் வீரர்" என்று இன்னும் பத்து விவரம் கொடுத்தாலும் பெரிதாகப் பயன் இல்லை, அந்த அடுக்குதான் ஏற்கெனவே விழித்திருக்கிறதே. "மி..." என்று எடுத்துக்கொடுங்கள், பல சமயம் முழுப் பேரும் வந்து விழும். லோரி ஜேம்ஸும் பர்க்கும் 2000-ல் செய்த சோதனையில், தேடும் சொல்லின் ஓசைத் துண்டுகள் அடங்கிய வேறு சொற்களைப் படிக்க வைத்தாலே சிக்கிய சொல் விடுபட்டது. கீழக்கரை, ஏர்வாடி, தொண்டிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கடல் தாண்டி வந்த இலங்கை வானொலி அப்போது இந்தக் கரையில் துல்லியமாகக் கேட்டது. அதில் பி.எச். அப்துல் ஹமீது நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' முழுக்க இந்தச் சூட்சுமத்தில் ஓடியதுதான். ஒரு எழுத்தைக் கொடுத்தால் போதும். வருடக்கணக்கில் நினைக்காத பாட்டுகூடப் பல்லவியோடு வந்து நிற்கும்.

சரி, பேர் வராததைவிடச் சுவாரசியமானது, தப்பான பதில் தயங்காமல் வருவது. 2011 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அதிக ரன் அடித்தது யார்? பாதிப் பேர் "தோனி" என்பார்கள். விவரமானவர் சிரித்துக்கொண்டே, "தோனி 91தான் மாப்ள, கம்பீர் 97" என்பார். இருவருமே தப்பு. மகேல ஜெயவர்தன, 103, ஆட்டமிழக்கவில்லை. கேள்வியில் 'இந்திய அணியில்' என்ற வார்த்தையே கிடையாது. ஜெயித்த அணியை மட்டும் மனம் தானாகச் சேர்த்துக்கொள்கிறது. 1983 இறுதி ஆட்டத்தையே எடுங்கள். கபில் தேவ் என்பார்கள், ஆட்ட நாயகன் அமர்நாத் என்பார்கள். இரண்டு அணியிலும் சேர்த்து அதிகபட்சம் நம்ம ஸ்ரீகாந்த் அடித்த 38.

இப்படி அடித்துச் சொல்லித் தோற்றவர், சரியான விடையைச் சுலபத்தில் மறக்கமாட்டார். பட்டர்ஃபீல்டு, மெட்காஃப் இருவரும் 2001-ல் பொது அறிவுக் கேள்விகளை வைத்தே இதைக் கண்டார்கள். அரைகுறையாக ஊகித்த தப்பைவிட, உறுதியாக நம்பிய தப்புதான் நன்றாகத் திருந்துகிறது. நினைத்ததற்கும் நடந்ததற்கும் இடைவெளி பெரிதாக இருக்கும்போது ஏற்படும் திடுக்கிடல், கவனத்தை முழுசாக அந்த விடைமேல் குவிக்கிறது. அதனால் யாராவது மேசையைத் தட்டித் தப்பாகச் சொன்னால் தடுக்காதீர்கள். சொல்லி முடிக்கட்டும், பிறகு விடையைச் சொல்லுங்கள்.

கேள்வி விழுந்த நிமிடமே போனை எடுத்துப் பார்ப்பவர்கள் இழப்பதும் இதைத்தான். கோர்னெல், ஹேஸ், ஜார்க் மூவரும் 2009-ல் காட்டியபடி, முதலில் ஊகித்துத் தப்பாகச் சொல்லிவிட்டு விடையைப் பார்த்தவர்களுக்கு, வெறுமனே விடையைப் படித்தவர்களைவிட அது நன்றாக நினைவில் நின்றது. சில விநாடி தேடுங்கள், ஒரு பதிலைச் சொல்லுங்கள், வராவிட்டால் எழுத்தைக் கேளுங்கள்.

இந்த விளையாட்டை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்குவதை என்னால் ஏற்கவே முடியாது. 2014-ல் கலிஃபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மத்தியாஸ் குரூபர், சரண் ரங்கநாத் குழுவினர் இதே போன்ற துணுக்குக் கேள்விகளைக் கேட்டு, விடைக்குக் காத்திருக்கும் நேரத்தில் மூளையைப் படம் பிடித்தார்கள். விடையை அறியும் ஆவல் கூடியபோது, டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நடுமூளைப் பகுதியும், அதோடு சேர்ந்து, பரிசை எதிர்பார்க்கும்போது இயங்கும் வெகுமதிச் சுற்றும் சுறுசுறுப்பாயின. புதிய நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பசும் கூடவே இயங்கியது. காத்திருந்த நேரத்தில் கேள்விக்குத் துளியும் சம்பந்தமில்லாத ஒரு முகத்தையும் திரையில் காட்டியிருந்தார்கள். மறுநாள் சோதித்தபோது, ஆவலோடு காத்திருந்த சமயத்தில் பார்த்த முகங்களே அதிகம் நினைவில் இருந்தன. பதியும் வேலை விடைக்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது, ஆகவே கேள்வி கேட்பவர் விடையைக் கையோடு சொல்லிவிடாமல், எல்லோரும் "சொல்லுண்ணே, யாரு?" என்று கேட்கும்வரையாவது நிறுத்தி வைப்பது நல்லது.