மாதக்கணக்கில் மாத்திரை எடுப்பவர்கள் கல்லீரலுக்காக என்ன சாப்பிடலாம்?

நீண்ட நாள் மருந்து எடுப்பவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. காசநோய், வலிப்பு, மூட்டுவாதம் என்று மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவர்கள் ஏறக்குறைய எல்லோருமே கேட்பது இதைத்தான்: "கல்லீரல் கெட்டுப்போகாமல் இருக்க எந்த ஜூஸ் குடிக்கலாம்?" அக்கறையான கேள்விதான். ஆனால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, நேற்று மூன்று வேளையும் என்ன சாப்பிட்டீர்கள் என்று.

ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பது பாராசிட்டமாலைப் பார்த்தால் புரியும். விழுங்கிய மருந்தில் பெரும்பகுதியைக் கல்லீரல் பக்குவமாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். ஒரு சிறு பகுதி மட்டும் நச்சாக மாறும். அந்த நச்சைப் பிடித்துச் செயலிழக்க வைப்பது குளுட்டாதயோன் என்ற பொருள். வெளியிலிருந்து வருவதல்ல, கல்லீரலே தயாரித்துக்கொள்கிறது. அதற்கான மூலப்பொருள் சிஸ்டீன், கிளைசின், குளுட்டமேட் என்ற 3 அமினோ அமிலங்கள். அதாவது நாம் சாப்பிடும் புரதம். சரியான அளவில் மாத்திரை எடுத்து, ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு இந்தக் கையிருப்பு தாராளமாகப் போதும். மாத்திரை அளவு மீறினாலோ, பட்டினியால் கையிருப்பு வற்றியிருந்தாலோ, மிஞ்சிய நச்சு கல்லீரல் செல்களைத் தாக்கத் தொடங்கும்.

காய்ச்சல் நாட்களை நினைத்துப் பாருங்கள். வாய் கசக்கிறது, ஒன்றும் இறங்கவில்லை, இரண்டு நாளாக வெறும் தண்ணீர்தான். ஆனால் மாத்திரை மட்டும் தவறாமல் போகிறது. கூடவே சளிக்கு ஒரு மாத்திரை, அதற்குள்ளும் பாராசிட்டமால் இருப்பது பலருக்குத் தெரியாது. உடல்நலமுள்ள பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு. 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் 8. சாப்பிடாமல் கிடப்பவர், மெலிந்தவர், தினமும் மது குடிப்பவர் ஆகியோருக்கு அந்த வரம்பே அதிகம். இந்த இடத்தில் உணவு உண்மையிலேயே பாதுகாப்பு. கொஞ்சம் கஞ்சி, ஒரு முட்டை, ஒரு தம்ளர் பால் உள்ளே போனாலே பெரிய உதவி. அளவு மீறிவிட்டால் மருத்துவமனையில் கொடுக்கும் முறிவு மருந்தும் என்-அசிட்டைல்சிஸ்டீன்தான். குளுட்டாதயோனை மறுபடி நிரப்புவதே அதன் வேலை. முதல் 8 மணி நேரத்துக்குள் கிடைத்தால் மிக நன்றாக வேலை செய்யும். அந்த நேரத்தில் எந்தச் சாறும் அதற்கு ஈடாகாது.

சரி, பூண்டு, முட்டைக்கோஸ், பிராக்கோலி? நல்லவைதான். கந்தகச் சத்துள்ள இந்தக் காய்கள் கல்லீரலின் நச்சுநீக்கும் நொதிகளைத் தூண்டுவது ஆய்வகத்தில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. பூண்டுச் சத்தை முன்கூட்டியே கொடுத்த எலிகளுக்குப் பாராசிட்டமால் பாதிப்பு குறைந்ததும் உண்மை. ஆனால் எலிக்குக் கொடுத்த அளவும் நேரமும் வேறு, நம் சமையல் வேறு. அன்றாடச் சமையலில் சேருங்கள், மனதாரச் சொல்கிறேன். மருந்துக்குக் கவசம் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

எனக்கு உண்மையான கவலை, இதே பொருட்கள் கேப்சூலாக மாறும்போதுதான். கிரீன் டீ குடிப்பது வேறு, அதன் சத்தைப் பிழிந்து அடைத்த மாத்திரை வேறு. கிரீன் டீயின் முக்கியச் சத்தான ஈஜிசிஜியை நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் தரும் துணைமாத்திரைகள், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகளை ரத்தத்தில் ஏற்றிவிடக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. மஞ்சள் கேப்சூல்களும் அப்படியே. உடல் அதிகமாக உறிஞ்சிக்கொள்ளட்டும் என்று மிளகின் பைப்பரினையும் சேர்த்து விற்கிறார்கள். இத்தாலியில் 2019-இல் இத்தகைய குர்குமின் (மஞ்சளின் சத்து) தயாரிப்புகளால் பலருக்கு ஈரல் அழற்சி வந்தது. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் தேவையில்லை. மாதக்கணக்கில் மாத்திரை எடுப்பவர், கல்லீரலைக் காப்பாற்றுவதாக நினைத்து இன்னொரு சுமையை அதன் மேல் ஏற்றுவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

காசநோய் மருந்து எடுத்துவந்த ஒரு பெண்ணை அவருடைய வீட்டார் பதறிப்போய் அழைத்துவந்தார்கள். சிறுநீர் சிவந்த ஆரஞ்சு நிறம், உள்ளங்கை மஞ்சள், காமாலையேதான் என்று முடிவே கட்டிவிட்டார்கள். கண்ணின் கீழிமையை இறக்கிப் பார்த்தேன். வெள்ளைவிழி வெள்ளையாகவே இருந்தது. சிறுநீரின் நிறம் ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மாத்திரையால் வருவது, மருந்து தொடங்கிய முதல் நாளிலிருந்தே இருக்கும். உள்ளங்கை மஞ்சளுக்குக் காரணம் தினமும் குடித்த கேரட் ஜூஸ். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான எஸ்ஜிபிடி அளவும் மருத்துவர் கவலைப்படும்படி ஏறவில்லை. ஆனால் எடை குறைந்துகொண்டே போனது. "கல்லீரலுக்கு ஆகாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு முட்டை, பருப்பு, மீன் எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார். எது தேவையோ அதையே நிறுத்தியிருந்தார்! அவற்றை மறுபடி தட்டுக்குக் கொண்டுவருவதுதான் அன்றைக்கு நான் செய்த முழு வைத்தியம். ஜூஸையும் குறைக்கச் சொன்னேன். வயிற்றை நிரப்பி, சாப்பாட்டுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது.

அவருக்குச் சொன்ன அடையாளங்களை இங்கேயும் சொல்கிறேன். வெள்ளைவிழி மஞ்சளாவது, ஓயாத குமட்டல், சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு, வலது விலாவுக்குக் கீழே வலி, உடம்பெல்லாம் அரிப்பு. இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். காசநோய் சிகிச்சையில் இப்படிப்பட்ட தொந்தரவுகளோடு எஸ்ஜிபிடி இயல்பின் உச்ச அளவைப்போல் 3 மடங்கு ஏறினால், தொந்தரவே இல்லாமல் 5 மடங்கு ஏறினால், மருந்தை நிறுத்திவைப்பார்கள். இந்த முடிவை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். வலிப்பு மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் அதுவே உயிருக்கு ஆபத்து.

போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், டானிக்கையும், சத்துப் பொடியையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். "இது மருந்தில்லையே, இயற்கைதானே" என்று எதையும் விட்டுவிட வேண்டாம். முடித்துவிட்ட ஆன்டிபயாடிக்கையும் சொல்லுங்கள். அமாக்சிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த மாத்திரையால் வரும் காமாலை, மருந்தை முடித்துச் சில வாரம் கழித்துக்கூடத் தலைகாட்டும்.